கிரிப்டோக் காய்க்குச் சாம்பிள் கேட்ட மகாராணி

உலகத்தில் இதுவரை பிறந்த, இனிமேல் பிறக்கப்போகிற அத்தனை பேரிலும் ஏமாறவே தெரியாத ஒரே ஆள் போடிநாயக்கனூர் மகாராணிதான். இதில் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அடக்கிச் சொன்னதே இவ்வளவு. ஒரே ஒரு ஏலக்காயை அவள் உள்ளங்கையில் வைத்தால் போதும். எந்தத் தோட்டம், எத்தனையாவது பறிப்பு, உலர்த்தின அன்றைக்கு விறகு ஈரமா காய்ந்ததா, பறித்தவளுக்கும் அவள் வீட்டுக்காரனுக்கும் பேச்சு உண்டா இல்லையா என்பது வரைக்கும் சொல்லிவிடுவாள். சாயம் போட்ட காய் அவளைத் தூரத்தில் பார்த்தாலே வெளுத்துவிடும். உள்ளே விதையில்லாத பொக்குக் காய், மூட்டையிலிருந்து தானாக எழுந்து வந்து ஓரமாக நின்றுகொள்ளும். நிலாவுக்கு ராக்கெட் விடுகிறவர்கள் விடுவதற்கு முந்தின நாள் அதை மகாராணியிடம் ஒருதரம் காட்டியிருந்தால் எத்தனையோ கோடி மிச்சம்.

இப்படிப்பட்டவளுக்கு அண்ணன் மகனாக வந்து வாய்த்தவன் மனோஜ். ‘நான்’ என்று எழுதக் கூச்சமாக இருப்பதால் அவனை மனோஜ் என்றே எழுதிக்கொள்வோம். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

மனோஜின் அப்பாவும் அம்மாவும் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத் தோட்டத்தில் தங்கி வேலை பார்க்கிறார்கள். பையன் படிக்கட்டும் என்று போடியில் அத்தை வீட்டில் விட்டார்கள். பிளஸ் ஒன் பாதியில் பள்ளிக்கூடமும் அவனும் மனமொத்துப் பிரிந்தார்கள். அதற்குப் பிறகு ஊரை ஏமாற்றுவதே அவனுக்கு முழுநேரச் சோலி. ஜீப்பு ஓட்டும் வெள்ளைத்துரையிடம், மெட்டு ரோட்டில் இனிமேல் ஹாரன் அடித்தால் கேரளாக்காரன் அபராதம் போடுவான் என்று முகம் மாறாமல் சொன்னான். வெள்ளைத்துரை ரெண்டு நாள் பதினேழு வளைவையும் ஹாரனே இல்லாமல், தலையை வெளியே நீட்டி வாயால் கத்திக்கொண்டே ஏறினார். வெளுத்த சேலையோடு போட்டோ எடுத்துக் கொடுத்தால்தான் கடன் என்று பேங்க் மேனேஜர் குரலில் பேசி, பக்கத்து வீட்டு வீரலட்சுமியை ஒருநாள் முழுக்க அலையவிட்டான். தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற எண்ணம் அவனுக்குள் நன்றாகக் கொழுத்துக் கிடந்தது.

மகாராணிக்குப் பிள்ளை கிடையாது. பறிப்புக் காலத்தில் விடியும் முன்னே வெள்ளைத்துரை ஜீப்பில் மலையேறிக் காய் பறிப்பாள். மற்ற நாளில் ஊருக்குள் ஒரு கடையில் உட்கார்ந்து, பருமனைப் பார்த்து ஏழு எம்எம், எட்டு எம்எம் என்று காயைத் தரம் பிரிப்பாள். போடியில் ‘காய்’ என்றால் ஏலக்காய்தான். கத்திரிக்காய், வாழைக்காய்க்கெல்லாம் முழுப்பேர் சொல்லிக் கேட்க வேண்டும். மகாராணியின் வாழ்க்கையில் முக்கால்வாசி அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

இந்த மருமகன் தெருவில் திரிவதைப் பார்த்துப் பார்த்து, போன ஐப்பசியில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். தேனியில் செல்போன் ரிப்பேர் சொல்லித் தருகிறார்கள், ஆறு மாசம், பதினெட்டாயிரம் என்று யாரோ சொன்னார்கள். காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொண்டுபோய் அடகு வைத்தாள். பணத்தை அவன் கணக்கில் போட்டாள். துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சியை ஒடித்துக் காதில் சொருகிக்கொண்டாள். மனோஜ் அதைக் கிண்டல் பண்ணினான். விளக்குமாறைக் காதில் மாட்டிய முதல் மகாராணி நீதான் அத்தே என்றான். அவளும் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து சாப்பிடும்போது அவள் முகத்தை நேராகப் பார்ப்பதை விட்டுவிட்டு, சோற்றைப் பார்த்தே பேசினான்.

வகுப்புக்குப் பணம் கட்டத் தேனிக்குப் போகிற பஸ்சில்தான் அந்த மெசேஜ் வந்தது.

‘அன்பான மனோஜ், நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்.’ அவன் எதற்குமே விண்ணப்பித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கூட அவனை எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. அதனாலேயே அந்தச் சொல் இனித்தது. அனுப்பியவள் பெயர் சுசித்ரா, பெரிய கம்பெனியில் மேனேஜர், படத்தில் கோட்டு போட்டிருந்தாள். வீட்டிலிருந்தே வேலை. கண்ணால் பார்க்காத ஓட்டல்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட வேண்டும். மூன்று ஓட்டலுக்குப் போட்டான். நூற்றைம்பது ரூபாய் நிஜமாகவே கணக்கில் வந்து விழுந்தது. வகுப்புக்கு நாளைக்குக் கட்டிக்கொள்ளலாம் என்று, அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரெண்டு பரோட்டா பார்சலோடு வீட்டுக்குப் போனான். அந்தக் கம்பெனி மகாராணிக்குச் செய்த ஒரே நன்மை அந்தப் பரோட்டாதான்.

மறுநாள் அவனை ஒரு குழுவில் சேர்த்தார்கள். அங்கே எல்லோரும் தினமும் லட்சம் லட்சமாக எடுத்ததைப் படம் பிடித்துப் போட்டு, சுசித்ரா மேடத்துக்கு நன்றி சொன்னார்கள். இனிமேல் பெரிய டாஸ்க், சம்பளம் ரூபாயில் வராது, கிரிப்டோ காயினில் வரும், முதலில் கொஞ்சம் காயின் நீங்களே வாங்கி உள்ளே போட வேண்டும் என்றார்கள். மனோஜ் கணக்குப் போட்டான். பள்ளிக்கூடத்தில் போடாத கணக்கையெல்லாம் அன்றைக்குச் சேர்த்துப் போட்டான். பதினெட்டு, முப்பத்தாறாகும், வகுப்புக்கும் கட்டலாம், தோட்டையும் திருப்பலாம், கார்த்திகைக்குள் அத்தை காதிலிருந்து அந்த ஈர்க்கைப் பிடுங்கி எறியலாம். முதலில் ஐயாயிரம் போட்டான். திரையில் பதினொன்றாயிற்று. இன்னொரு எட்டாயிரம் போட்டான். ஐம்பத்திநாலாயிரம் என்று காட்டியது. எடுக்கப் போனால் வரி கட்டு என்றார்கள். மிச்சமிருந்த ஐயாயிரத்தை வரியாகக் கட்டினான். உடனே கணக்கு முடங்கிவிட்டது, திறக்க இன்னும் இருபதாயிரம் என்றார்கள். அவனிடம் இருபது ரூபாய் இருந்தது.

பஸ்சில் போகிற வழியிலேயே அறிவு வந்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு நீளமாகியிருக்காது.

அடுத்த மூன்று வாரமும் அவன் காலை எட்டரைக்குத் தலைவாரிக் கிளம்பினான். வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, போடி ரயில் நிலையத்துப் பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்தான். திரையில் இன்னும் அந்த ஐம்பத்திநாலாயிரம் தெரிந்தது. வெளிநாடு போன உறவுக்காரர் போட்டோவைப் பார்ப்பது போல அதைத் தினமும் எடுத்துப் பார்த்துக்கொண்டான். இதற்கிடையில் மகாராணி, எம் மருமகன் செல்லு ரிப்பேர் படிக்கிறான் என்று ஜீப்பு முழுக்கச் சொல்லிவைத்தாள். தெருவில் செத்துக் கிடந்த போன்களெல்லாம் அவனைத் தேடி வந்தன. ஒன்பது போன் சேர்ந்துவிட்டது. வீரலட்சுமி தினமும் வாசலில் வந்து எட்டிப் பார்ப்பாள். பார்ட்ஸ் வரணும்க்கா, சைனாவிலருந்து கப்பல்ல வருது என்பான் மனோஜ். பழைய பேங்க் மேனேஜர் குரல் அப்போதெல்லாம் கொஞ்சம் கம்மிப்போயிருக்கும்.

கார்த்திகையில் ஒருநாள் சாயங்காலம் மகாராணி மலையிலிருந்து இறங்கி வந்து, முகம் கழுவி, ரசத்துக்குப் புளியை ஊறப்போட்டுவிட்டு, தன் போனை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“எனக்கும் ஒரு வேலை வந்துருக்கு மருமகனே. காய் வேலைதான். வீட்டுல இருந்தே பாக்கலாமாம்.”

மனோஜ் வாங்கிப் பார்த்தான். அதே கோட்டு. அதே சுசித்ரா.

மகாராணிக்கு எழுத வராது, பேசி அனுப்புவாள். வந்த பதிலை ஜீப்பில் வெள்ளைத்துரை வாசித்துக் காட்டியிருக்கிறார். நேற்றும் இன்றும் மலையேறும்போதும் இறங்கும்போதும் மொத்த ஜீப்பும் சேர்ந்து இந்த வேலைக்குப் பேரம் பேசியிருக்கிறது. மனோஜ் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டான். பின்னால் ஜீப்பு உறுமிக்கொண்டே இருந்தது.

சம்பளம் கிரிப்டோ காயினாக உங்கள் வாலட்டில் வந்து சேரும் என்று சுசித்ரா எழுதியிருந்தாள். மகாராணி காதில் அது காயாகவும் வாளியாகவும் விழுந்திருக்கிறது. மலைமேல் எல்லாத் தோட்டத்திலும் இருப்பது ஞள்ளானி ரகம். கிரிப்டோ என்பது ஏதோ புதுசாக வந்த ரகம் போலிருக்கிறது, கூலிக்குப் பதில் காயாகவே வாளியில் போட்டுத் தருவார்கள் போலிருக்கிறது என்று ஜீப்பே கூடி முடிவு பண்ணியிருக்கிறது.

“வணக்கம் ஆத்தா. காய் எத்தன எம்எம்மு? எட்டுன்னாச் சொல்லு, வர்றேன். ஏழுக்கும் கீழன்னா எனக்குக் கட்டாது.”

‘ஆம் அன்பே, எட்டு சரி. வளர்ச்சி உறுதி.’

“வளர்றது இருக்கட்டும். நல்ல பச்சையா இருக்குமா, வெளுத்ததா?”

‘பச்சை நிறம் எப்போதும் லாபத்தைக் குறிக்கிறது.’

“அது எனக்கும் தெரியும் தாயீ. சாயம் போட்ட பச்சையான்னு கேக்குறேன். ஒண்ணு செய்யி, நூறு கிராம் சாம்பிள் பஸ்சுல போட்டு விடு. போடி பஸ்டாண்டுல வாங்கிக்கிறேன். பாத்துட்டு வாளியக் கொண்டு வர்றேன்.”

‘சாம்பிள் என்றால் என்ன அன்பே? முதலில் மூன்று எளிய பணிகளை முடிக்கவும்.’

“காய் ஏவாரத்துல இருந்துக்கிட்டு சாம்பிளுன்னா என்னன்னு கேக்குறியே, எந்த ஊரு நீ? சரி, மூணு சோலியையும் முடிச்சுத் தாரேன். அதுக்குள்ள சாம்பிள் வந்துரணும்.”

வேறு ஒரு நாளாக இருந்தால் மனோஜ் இதைக் கேட்டுத் தரையில் உருண்டிருப்பான். மிமிக்ரி செய்து ஒரு வருசத்துக்கு ஓட்டியிருப்பான். அன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் மகாராணி அடுத்ததாக, பறிப்புக் கூலி மிச்சம் எட்டாயிரம் கையில் இருக்கிறது, தோட்டைத் திருப்ப வைத்திருக்கிறேன், வாளிக்கு முன்பணம் கேட்டால் அதிலிருந்து கொடுத்துவிட்டு, வருகிற காயை விற்று மொத்தமாகத் திருப்பிக்கொள்ளலாம் என்று விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினெட்டாயிரம் போனது போய்விட்டது. இந்த எட்டாயிரமும் போனால் அந்தத் தோடு அடகுக் கடையிலேயே முழுகிவிடும். வாயைத் திறந்தால் மூன்று வாரத்து ரயில் நிலையமும் வெளியே வந்துவிடும். திறக்காவிட்டால் இந்தக் காதில் ஈர்க்குச்சிதான் நிரந்தரம். மனோஜ் தன்னை மிகவும் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருந்ததால் நடுவில் ஒரு வழி இருப்பதாக நம்பினான். விசயம் தெரிந்த படித்த பையன் மாதிரி, பொதுவாக, உலகத்துக்கே புத்தி சொல்வது போலச் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தான்.

முதலில் அது காய் இல்லை, காயின், காசு என்று விளக்கினான். அந்தக் காசைக் கையில் தொட முடியாது, போனுக்குள்ளேயே இருக்கும், ஒருத்தனுக்கு அனுப்பிவிட்டால் அவன் யார், எந்த நாட்டில் இருக்கிறான் என்று பிடிப்பது பெரும்பாடு, அதனால்தான் திருட்டுப் பயல்கள் ரூபாயாகக் கேட்காமல் அதில் கேட்கிறார்கள் என்றான். கேட்காமலேயே வேலை தருகிறேன் என்று வருகிறவனை நம்பவே கூடாது என்றான். மகாராணி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கும் வேகம் வந்துவிட்டது.

“அத்தே, இவ மொதல்ல நூத்தம்பது போடுவா. அத நம்பிராத. அது தூண்டில்ல மாட்டுற புழு. நாலாவது டாஸ்க்குலதான் பணம் கேப்பா. கட்டுனா மூணு பங்கு காட்டும், எல்லாம் சும்மா படம். எடுக்கப் போனா வரிம்பா. வரியக் கட்டுனா கணக்கு முடங்கிருச்சு, இருபதாயிரம் கொண்டாம்பா. குழுவுல நன்றி நன்றின்னு போடுறவன் பூராம் அவ ஆளுகதான்.”

மகாராணி ஊறின புளியைக் கையில் எடுத்துக் கரைக்க ஆரம்பித்தாள்.

“அவ எங்கிட்ட இன்னும் சாம்பிளுக்கே பதில் சொல்லல. நாலாவதுல கேப்பான்னு உனக்கு எப்படிடா தெரியும்?”

“யூடியூப்புல பாத்தேன் அத்தே.”

“யூடியூப்புல நூத்தம்பதுன்னு சரியாச் சொன்னாங்களா? அன்னிக்குப் பரோட்டா வாங்கிட்டு வந்தியே, அதுவும் யூடியூப்புதானா?”

மனோஜுக்கு ஊரில் உள்ள எல்லாக் குரலும் வரும். அந்த நேரத்தில் தன் குரல் மட்டும் வரவில்லை. பிறகு வந்தது. வந்தபோது நிறுத்த முடியவில்லை. பஸ், கோட்டு, ஐம்பத்திநாலாயிரம், ரயில் நிலையம், ஒன்பது போன், முப்பத்தாறு ஆக்கித் தோட்டைத் திருப்ப நினைத்தது எல்லாவற்றையும் கொட்டினான். தோட்டைப் பற்றிச் சொன்ன இடத்தில் மூக்கு ஒழுகியதை ரசத்துக்கு வறுத்த மிளகாய் மேல் பழிபோட்டான். மிளகாய் அதுவரைக்கும் வறுக்கவே இல்லை.

மகாராணி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. புளிச்சக்கையைப் பிழிந்து ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டாள்.

“மோந்து பாக்க முடியாத காயையாடா பதினெட்டாயிரத்துக்கு வாங்குன?”

பிறகு அவள் கேட்டதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். மலைமேல் எந்தத் தோட்டத்திலாவது பறிக்கப் போனவள் முதலாளிக்குப் பணம் கட்டினதாகக் கேட்டிருக்கிறாயா? வேலைக்கு வருகிறவளிடமே காசு கேட்கிறவன் என்ன முதலாளி? அந்தக் குழுவில் நன்றி சொன்னவர்களில் ஒருத்தனையாவது நேரில் பார்த்திருக்கிறாயா? ஏல மையத்தில் கோடி கோடியாகப் புரளுகிறவன் கூட, சாம்பிளைத் தட்டில் கொட்டி, ரெண்டு காயை உடைத்துப் பார்க்காமல் ஒரு ரூபாய் ஏற்றிக் கேட்பானா? ஒன்றுமே புரியாமல் பேசின அத்தை, ஒரு காசு கொடுக்காமல் அந்த சுசித்ராவை ரெண்டு நாள் அலைக்கழித்திருக்கிறாள். எல்லாம் புரிந்தவன் ஒரே வாரத்தில் மொத்தத்தையும் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான்.

இந்த அசிங்கம் வீட்டில் இருக்க வேண்டாம் என்று மனோஜ் போனை எடுத்து, அந்தப் பேச்சு முழுவதையும் அழிக்கப் போனான். மகாராணி புளிக்கையோடு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வழக்கு தீருற வரைக்கும் சாம்பிளை யாராச்சும் தூக்கிப் போடுவாங்களா? அப்படியே வையி. எங்கயாச்சும் சொல்ல வழியிருக்கான்னு பாரு.”

வழி இருந்தது. யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிக்கும் முன்னால் ஒரு குரல், ஏமாந்துவிடாதீர்கள், ஏமாந்தால் 1930-க்குக் கூப்பிடுங்கள் என்று மாசக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்ததல்லவா, அதுதான். மனோஜ் அந்தக் குரலை அச்சு அசலாகப் பேசிக் காட்டித் தெருவையே சிரிக்க வைத்தவன். அத்தனை தரம் பேசிக் காட்டியும் அது என்ன சொல்கிறது என்று அவன் ஒருதரம்கூடக் கேட்டதில்லை.

நம்பரைப் போட்டான். சுற்றிச் சுற்றி ஒரு ஆள் எடுத்தார். மூன்று வாரம் முந்திப் பணம் போனதைக் கேட்டுக்கொண்டு நிதானமாகப் பேசினார். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது, மூன்று வாரம் என்பது தாமதம்தான், பணம் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனாலும் பணம் போன எண், தேதி, அந்தப் பேச்சு, காயின் அனுப்பின முகவரி எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள், புகாரைப் பதிந்துகொள்கிறேன் என்றார். கணக்கைத் திறந்து தருகிறோம், போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று இனி எவனாவது காசு கேட்பான், அவனுக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். மனோஜ் எல்லாவற்றுக்கும் சரி சார், சரி சார் என்றான். அப்புறம் அவர், ஏமாந்தது யார், எப்படி நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார்.

மகாராணி அடுப்பில் ரசத்தை ஏற்றிவிட்டு அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். மனோஜ் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“எங்க அத்தைதான் சார். வயசானவங்க, காய் பறிக்கிறவங்க, இந்த ஆன்லைன் விவரமெல்லாம் அவங்களுக்கு அவ்வளவாப் பத்தாது. நான் வீட்டுல இல்லாத நேரமாப் பாத்து, பாவம், பதினெட்டாயிரத்தக் கட்டிட்டாங்க.”

பின்னாலிருந்து ஒரு கை வந்து போனை வாங்கிக்கொண்டது.

“ஐயா, நாந்தான் அந்த அத்தை. எனக்கு வயசு நாப்பத்திமூணு, நான் யாருக்கும் ஒத்த ரூவா கட்டல. கட்டுனது பக்கத்துல உக்காந்து முழிச்சுக்கிட்டு இருக்கு. அவங்கிட்டயே குடுக்குறேன், நீங்க மொதல்லருந்து கேளுங்க.”